வியப்பும் நன்றியும்

உள்ளங்கையில் மழைத்துளி வீழக்கண்ட குழந்தை நகைக்கின்றது. அருகுநின்ற தந்தையோ குடையைத் தேடுகின்றான். இவ்விருவருள் மழையை அறிந்தவன் யாவன் என வினவின், தந்தையே என்று உலகத்தார் விரைந்து விடை கூறுவர். அவ்விடை ஆராயற்பாலது.

வியப்பாவது அறியாமையின் விளைவு. குழவிக்கு உலகம் புதிதாதலின் அது வியக்கின்றது. அறிவு முதிர்ந்தார்க்கு வியப்பு நீங்குதலே முறை என்பாரும் உளர். அற்றன்று. தந்தைபால் வியப்பை நீக்கியது அறிவன்று, பழக்கமேயாம். நீரின் இயல்பை உள்ளவாறு ஆராய்ந்தார்க்கு வியப்பு மிகுதலன்றிக் குறைதல் இல்லை. பொருள்கள் பெரும்பாலும் குளிருந்தோறும் சுருங்கும். நீரோ 4 பாகை வெப்பநிலைகாறும் சுருங்கிப் பின்னுங் குளிரின் விரியத் தொடங்கும். அதனாற் பனிக்கட்டி மிதக்கின்றது. குளிர்நாட்டு ஏரிகள் மேற்புறம் உறைந்த காலத்தும் அடியில் நீர் நீராகவே நிற்ப, மீன்கள் உயிர் பிழைக்கின்றன. இதனை அறிந்தான் ஒருவன் வியவாதிருத்தல் யாங்ஙனம்?

அஃதொக்கும், ஆயினும் நன்றியைக் கற்பிப்பது இழப்பேயன்றோ எனின், அதுவும் பொருந்தாது. 2019 ஆம் ஆண்டுக் கோடையிற் சென்னைக்கு நீர்தரும் ஏரிகள் வற்றின. சூலைத் திங்களில் ஜோலார்பேட்டையினின்று 50 பெட்டிகள் கொண்ட புகைவண்டியில் 25 இலட்சம் லிட்டர் நீர் அந்நகர்க்குக் கொணரப்பட்டது. (நான்காண்டு முன்னர், 2015 இல், வெள்ளத்தில் மூழ்கியதும் அந்நகரே.) அக்கோடையில் ஒரு குடம் நீரின் அருமையை உணராதார் அரியர். மழை பெய்தபின் அவ்வுணர்ச்சி எத்துணை நாள் நின்றது? இழப்பிற் பிறக்கும் நன்றி பெரும்பாலும் அச்சத்தின் வேற்றுருவே. அச்சம் அகலத் தானும் அகலும். துளிகண்டு நகைத்த குழந்தைக்கு வேட்கையும் இல்லை, இழப்பும் இல்லை.

தநு கரண புவன போகங்கள் மலப்பிணிப்புற்ற உயிரின்பொருட்டு இறைவன் அளித்தவை என்பது நம் சமயத் துணிபு. அவற்றுள் நீரேயன்றி, நீரைக் காணுங் கண்ணும் அடங்கும். அம்மட்டோ! கண்ணுக்கு உயிர் காட்டினாலன்றிக் கண் காணாதவாறுபோல, உயிர்க்கும் அவன் காட்டியும் உடன்கண்டும் உபகரிக்கின்றான் என்பதைச் சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரத்திற் கற்கின்றோம். தடைவிடைகளோடு மாணாக்கர்க்கும் உரைக்கின்றோம். உரைத்து முடித்து வெளிப்போந்து வேப்பமரத்தை நோக்குங்கால், இக்காட்சி காட்டப்பட்டது என நினைவார் எத்துணையர்? குழந்தை வியக்கின்றது, ஆயிற் கொடுத்தவனை அறியாமையின் அதன் வியப்பு நன்றியாய் முதிர்வதில்லை. பண்டிதர் கொடுத்தவனை அறிவர். கொடையை வியவாமையின் அவர் கூறும் நன்றி நாவளவில் நிற்கின்றது. இவற்றுட் பின்னையதே இரங்கத்தக்கது என்பது என் கருத்து. அறியாமை ஆசிரியனால் நீங்கும். அறிந்து மரத்தவர்க்கு எவர் சென்று உரைப்பது?

எளிய பொருள்களை நாம் அருளென்று எண்ணாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. தமக்கென்று தனித்து வந்ததையே மாந்தர் அருள் என்பர். எல்லார்க்கும் பொதுவாய் வந்ததை இயற்கை என்று ஒதுக்குவர். மகற்குப் பிணி தீர்ந்ததெனின் அபிடேகம் செய்விப்பர். அவ்வபிடேகத்துக்கு முகந்த நீரைப்பற்றி யாதும் நினையார்.

மாணிக்கவாசகப் பெருமான் திருப்பெருந்துறையிற் குருந்தின் அடியில் ஆட்கொள்ளப் பெற்றவர். தனித்து வந்த அருளுக்கு அதனின் மிக்கது வேறு யாது? அவரே திருவண்டப்பகுதியில் ஞாயிற்றின் ஒளியையும் திங்களின் குளிர்ச்சியையும் எண்ணி வருபவர், நாம் நாள்தோறும் பருகும் நீரின் சுவையையும் விடாது எண்ணினார்.