உடற்பாரமும் வாசனையும்

உடம்பின் பருமையைக் குறைத்தல் மருத்துவர்க்குரிய பொருளாகலின், சித்தாந்த நுண்பொருள் ஆராயும் இவ்விதழின்கண் அதனை எடுத்துப் பேசுதல் பொருந்துமோ என அன்பர் சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதே எம் துணிபு. என்னை? பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுண்மை ஏட்டின்கண் மட்டும் விளங்குவதன்று. நாம் நாடோறும் சுமந்து திரியும் இவ்வுடம்பின்கண்ணே வந்து நம்மைச் சோதிப்பது. அங்ஙனம் என்னைச் சோதித்த ஒரு நிகழ்ச்சியினின்றே இவ்வாராய்ச்சி பிறந்தது.

என் ஐம்பத்தெட்டாம் வயதில் ஒருநாள், திருவாலவாய்த் திருக்கோயிலிற் கொடிமரத்தின்முன் வழக்கம்போல் எட்டுறுப்பும் நிலந்தோய வணங்க முற்பட்டேன். தலையும் கைகளும் நிலத்தைத் தொட்டன. மோவாயும் புயங்களும் தோய்தற்கு என் வயிறு இடங்கொடுக்கவில்லை. எழ முயன்றபோது முழங்கால்கள் இசையவில்லை. உடன்வந்த மாணவன் கைகொடுத்துத் தூக்கி, “ஐயா, இனி ஐந்துறுப்பு வணக்கமே போதாதா?” என்று அன்போடு கேட்டான். அவ்வன்பு என் நெஞ்சிற் சுட்டது. முப்பத்தைந்தாம் வயதில் 64 கிலோவாக இருந்த என் நிறை அந்நாளில் 86 கிலோ. இந்திய ஆடவர்க்கு இடைச்சுற்று 90 செண்டிமீட்டரைக் கடத்தல் தீங்கென மருத்துவ நூலார் வரையறுத்துளர், எனக்கோ 104.

உடனே கடுநோன்பு மேற்கொண்டேன். ஒருபொழுதுண்டு, நான்கு திங்களில் 11 கிலோ குறைந்தேன். கண்டோர் வியந்தனர், யானும் உள்ளூர வியந்தேன். ஒன்றரை ஆண்டு கழியுமுன் அவற்றுள் 9 கிலோ மீண்டும் வந்து அமர்ந்தன. அப்பொழுது நண்பர் ஒருவர், “அஃது உம் ஊழ், விடும்” என்றார். மற்றொருவர், “நாவடக்கம் இல்லாதார்க்கு நூலறிவு எதற்கு?” என்றார். இவ்விரு கூற்றுள் யாது மெய் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அதற்குமுன் தடையொன்றை விடுத்தல் வேண்டும். உடம்பு மாயையின் காரியம், அழிவது, அதன்கண் இத்துணைக் கருத்துச் செலுத்துதல் பற்றன்றோ எனின், அற்றன்று. ஞாயிறு எழுங்காறும் இருளிற் சிறிது ஒளிகாட்டும் விளக்குப்போல, ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு இறைவன் கருணையால் தனு, கரண, புவன, போகங்களைக் கூட்டினான் என்பது நம் சமயத்துணிபு. விளக்கைப் பொன்னாற் பூட்டி அழகுபார்த்தல் பற்று; திரியைத் தூண்டி எண்ணெயை அளவறிந்து பெய்தல் பற்றன்று. எண்ணெய் மிகின் திரி மூழ்கி அவியும். குறையின் கரிந்து அவியும். கண்ணாடிமுன் நின்று மெலிவை விரும்புதல் ஒன்று. கொடிமரத்தின்முன் வீழ்ந்தெழும் வலியை விரும்புதல் பிறிதொன்று.

இனி ஊழ் என்பாரை நோக்குவாம். வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என முத்திறப்படும். தாய்தந்தையர்வழி வந்த உடலமைப்பும், பிறந்த குடியின் உணவுமுறையும், அமர்ந்தே செய்தற்குரிய தொழில் வாய்த்தலும் முன்னமே வந்தமைந்தன. இவற்றைப் பிராரத்தம் எனல் தகும். ஆயின் இன்றிரவு இலையின்முன் அமர்ந்து மூன்றாம்முறை சோறு வாங்கும் கை புதுவினை செய்கின்றது. அதனையும் பழவினையின்மேல் ஏற்றுதல், புதுக்கடன் வாங்குவோன் தந்தையின் கடனைக் காட்டி அழுதலோடு ஒக்கும்.

இதற்குச் சான்று வெளியுலகிலும் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுடைய பெண்டிருள் மிகு நிறையுடையார் 2015-16-இல் நூற்றுக்கு 30.9, 2019-21-இல் 40.4. ஆடவருள் 28.2 என்றிருந்தது 37.0 ஆயிற்று. நான்கைந்து ஆண்டுகளில் ஒரு நாட்டாரின் குருதிவழி மாறாது, மாறியது வாழ்முறையே. 1895-இற் பெரியாற்று நீர் வையை வழியே பாயத் தொடங்கியபின் மேலூர்ப் பக்கத்து நிலங்கள் நெல்வயலாயின. புன்செய்க் குடிகளின் வரகும் சாமையும் கேழ்வரகும் மெல்ல மெல்லப் பின்வாங்கத் தீட்டிய வெள்ளரிசி முன்வந்தது. அரிசி வந்த காலத்தும் ஏரும் உலக்கையும் கையில் இருந்தமையின் தீங்கு பெரிதாகவில்லை. பின்னர் அவற்றின் தொழிலைப் பொறிகள் ஏற்றன. இலையின்கண் இட்ட சோற்றின் அளவோ குறைந்திலது.

“வயதானால் உடலனல் அவியும், அதனாற் பருக்கும்” என்பாரும் உளர். 29 நாடுகளைச் சார்ந்த 6,400-க்கு மேற்பட்டோரை அளந்து 2021-இல் வெளியான ஆராய்ச்சி, உடற்கூற்றின் அளவிற்கேற்பக் கணக்கிடுமிடத்து 20 முதல் 60 வயதுவரை அவ்வனல் குறையாது நிற்கும் எனக் காட்டிற்று. தசை தளர்தலும் உடலுழைப்பு ஒழிதலும் வேறு. ஆகவே ஐம்பதில் யான் பருத்ததற்கு வயதைப் பழித்தல் முழுவதும் நேரிதன்று.

அங்ஙனமாயின், நாவடக்கமின்மையே காரணம் என்ற மற்றை நண்பர் கூற்று மெய்யாமோ எனின், அதுவும் அன்று. ஈண்டு மதுரையிற் பிறந்தார் எவரும் அறிந்த திருவிளையாடல் ஒன்று நினைக்கத்தகும். தடாதகைப்பிராட்டியார் திருமணத்திற் சமைத்த உணவு மிகுந்து கிடந்தபோது, இறைவன் குண்டோதரனாகிய பூதத்தின் வயிற்றிற் பெருந்தீயை மூட்டினான். அவன் மலைபோற் குவிந்தவற்றை உண்டும் பசி அடங்காது வருந்தினான். அவன்பொருட்டே அன்னக்குழிகள் தோன்றின. அவன் நீர்வேட்கை தணியவே வையை வந்தது என்பது புராணம். இதன்கண் நோக்கற்பாலது ஒன்றுண்டு. அப்பசி குண்டோதரன் ஆக்கிக்கொண்டதன்று, அவனுள் மூட்டப்பட்டது. அவனை இறைவன் இகழ்ந்திலன். உணவும் நீரும் அளித்தே ஆற்றினான். நம் நகரத்து ஆறே ஒரு பெரும்பசிக்கு இரங்கி வந்ததாயிருக்க, அதன் கரையில் வாழும் நாம் பருத்தவரைக் கண்டு நகைத்தல் எத்துணைப் பொருந்தாமை! ஒருவருள் மூண்ட பசியின் அளவைப் பிறர் அறியார். ஊழ் என்ற சொல்லைத் தம் செயலுக்குப் போர்வையாகக் கொள்வதும், பிறரை அடிக்கும் கோலாகக் கொள்வதும் இரண்டும் குற்றமே.

இனி, குறைந்த நிறை மீள்வது யாதனால்? 2011-இல் ஆத்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரத்து ஆய்வாளர், மிகு நிறையுடையாரைப் பத்து வாரம் அருகிய உணவில் நிறுத்தி மெலிவித்தனர். ஓராண்டு கழிந்து நோக்கியபோதும், பசியை எழுப்பும் சுரப்புநீர்கள் ஓங்கியும், நிறைவுணர்த்தும் சுரப்புநீர்கள் தாழ்ந்துமே இருந்தன. உடம்பு தான் இழந்ததனை மறவாது மீட்கத் தேடுகின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. பசியடக்கும் புதிய ஊசி மருந்துகளின் நிலையும் இஃதே. அவை பலர்க்குப் பெரும்பயன் தருவன. மருத்துவர் வேண்டுமென்றவிடத்து அவற்றைக் கொள்ளுதல் இழுக்கன்று. எனினும் அவ்வகை மருந்தொன்றை நிறுத்தியோர், இழந்த நிறையின் மூன்றிலிரு பங்கினை ஓராண்டில் மீளப் பெற்றமை 2022-இல் வெளியான ஆய்வொன்றிற் காணப்பட்டது.

சித்தாந்தம் பயின்றார்க்கு இது புதிதன்று. பெருங்காயம் வைத்த பாண்டத்தினின்று பெருங்காயத்தை அகற்றியபின்னும் அதன் மணம் நீங்காதவாறுபோல, மலம் வலிகெட்ட பின்னும் அதன் வாசனை தாக்கும் என்பர் நம் ஆசிரியர். அதனாலன்றோ, மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தை இறைவனை அணைந்தோர்க்கே உரியதாக வைத்து, மலங்கழுவுதலையும், அடியார் கூட்டத்தையும், திருவேடத்தையும் திருக்கோயிலையும் இறைவனாகவே கண்டு வழிபடுதலையும் அவர்க்கு விதித்தார்? பெற்றபின்னும் காக்கவேண்டும்; வென்றபின்னும் விழித்திருக்கவேண்டும்.

ஆணவமலத்தோடு ஊன்பருமையை ஒப்பிடுதல் மிகையெனின், இஃது ஒருபுடை உவமையே. கொழுப்பு மலமன்று, மெலிவு வீடுமன்று. ஆயினும் இவ்வுவமை என் பிழையை எனக்கு உணர்த்திற்று. நான்கு திங்கள் கடுநோன்பை ஒரு போராக எண்ணினேன். போர் முடிந்ததென்று வாளைக் கீழே வைத்தேன். அதனை நித்திய பூசையாக எண்ணியிருத்தல் வேண்டும். நேற்று மலரிட்டோம் என்று இன்று எவரும் பூசையை ஒழிப்பதில்லை. ஒருநாள் தவறினும், இனி எதற்கு என்று அதனைக் கைவிடுவதுமில்லை. மறுநாள் நீராடிப் புதிதாகத் தொடங்குகின்றோம்.

அங்ஙனமாயின் செய்யற்பாலன யாவை? எம்மனோர்க்கு முதலிடையூறு மடங்களிலும் மன்றங்களிலும் குருபூசைதோறும் மாகேசுர பூசைதோறும் இடப்படும் விருந்தேயாம். திருவமுதை மறுத்தல் தகாது என்று சொல்லியே யான் பல்லாண்டு மும்முறை பாயசம் கொண்டேன். மறுத்தல் தகாது என்பது மெய். மிகக் கொள்ளுதல் வேண்டும் என்பது யாண்டுளது? திருநீற்றை ஒரு சிட்டிகை ஏற்கின்றோம். அகப்பையால் அளந்து எவரும் கேட்பதில்லை. திருவமுதின் தூய்மையும் அளவின்கண் உள்ளதன்று. இலையிட்டோர், “இன்னும் சிறிது” என்று வற்புறுத்துவதை அன்பென்று கருதுகின்றனர். நீரிழிவுடைய அடியார்க்கு அஃது அன்பாகாது. விருந்தினர் கைகாட்டித் தடுத்த அளவில் நிறுத்துதலை மடங்களிற் பந்தி பரிமாறுவோர் ஒரு தொண்டாகக் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, உடலுழைப்பு. வையைக்கரையில் வந்தியின்பொருட்டுக் கூலியாளாய் வந்த பெருமான், பிட்டினை முன்னரே பெற்று உண்டு, மண்சுமவாது ஆடியும் துயின்றும் இருந்து, பாண்டியன் பிரம்படி பெற்றான் என்பது பிறிதொரு திருவிளையாடல். அஃது அவன் அருட்கூத்து. நாமோ பிட்டினை மட்டும் பின்பற்றுகின்றோம், மண்சுமப்பதில்லை, ஆகலின் அடி நம் முழங்காலில் வீழ்கின்றது.

மூன்றாவது, கூட்டம். தனித்து நோற்றபோது யான் வீழ்ந்தேன். இப்பொழுது என் மாணவனும் அண்டையயலார் மூவரும் விடியலில் என்னோடு சித்திரை வீதிகளையும், சில நாள் மாசி வீதிகளையும் வலம்வருகின்றனர். ஒருவன் வாராதவழி மற்றவன் வாயிலில் நின்று அழைக்கின்றான். வாசனையைத் தனியே நின்று எதிர்த்தல் அரிது. அடியாரோடு கூடிநிற்றல் அதனை எளிதாக்கும் என்பதை நூலிற் கற்றதினும் தெருவிற் கற்றேன்.

நான்காவது, அளவு. நிறைகோலைத் திங்களுக்கு ஒருமுறை பார்க்கின்றேன். நாடோறும் பார்த்தல் ஒருவகைப் பற்றே. இன்று என் நிறை 77 கிலோ. ஈராண்டாக அவ்வளவின்கண் நிற்கின்றது. அறுபத்துநான்கு மீண்டும் வாராது, வரவேண்டுவதுமில்லை.

சென்ற மார்கழித் திருவாதிரையன்று அதே கொடிமரத்தின்முன் வீழ்ந்து வணங்கினேன். மோவாயும் புயங்களும் கருங்கல்லின் குளிர்ச்சியை உணர்ந்தன. எழுதற்கு இன்னமும் மாணவன் கை வேண்டியிருந்தது. அதனை இம்முறை நாணாது பற்றினேன். உயிர் தானே எழமாட்டாது, பற்றுதற்கு ஒரு கை வேண்டும் என்பதன்றோ நம் சித்தாந்தம்? பற்றவேண்டிய முயற்சி நம்முடையது. தூக்கும் அருள் அவனுடையது. விளக்கு அவியுங்காறும் திரியைத் தூண்டுதலே நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.