யாருக்குச் சமன்?

விளையாட்டில் என்ன அரசியல் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. வைகுண்ட ஏகாதசி ராத்திரியில் கண்விழித்துப் பரமபதம் ஆடியவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். ஏணியில் ஏறினால் புண்ணியம், பாம்பு கடித்தால் பாவம். கட்டை எப்படி விழுந்ததோ அதை முன்வினைப் பயன் என்று வாசிக்கக் கற்றுத்தந்த பலகை அது. ஆட்டத்தின் சட்டத்துக்கும் தலையெழுத்துக்கும் தமிழில் 'விதி' என்று ஒரே சொல்தான். ஆடுகிறபோது விதியை எவரும் விவாதிப்பதில்லை. விதிக்குள் எப்படி ஜெயிப்பது என்றுதான் யோசிக்கிறோம். கருத்தியல் வேலை செய்வதும் இப்படித்தான்.

இன்றைக்கு நம் பிள்ளைகள் கணினியில் ஆடுகிறார்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'சிவிலைசேஷன்' என்ற வியூக விளையாட்டு 1991 முதல் பதிப்பு பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. அதன் நான்காம் பதிப்பை ஃபிராக்சிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2005இல் உருவாக்கியது. கி.மு. 4000இல் ஒரு ஊரை உண்டாக்கி, நகரங்களைப் பெருக்கி, நம் காலம்வரைக்கும் ஒரு நாட்டை ஆளவேண்டும். உழைப்பை ஒழுங்குபடுத்த ஆள்பவருக்கு அதில் ஐந்து வழிகள் தரப்படுகின்றன: குலக்குழு முறை, அடிமைமுறை, பண்ணையடிமை முறை, சாதிமுறை, விடுதலை. ஆம், சாதிமுறை. சட்டத்தொகுப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் அது கைக்கு வரும். மனுவின் பெயர் அங்கே இல்லை. ஆனாலும் ஆள் பிடிபட்டுவிட்டான்.

சாதிமுறையைத் தேர்ந்தெடுத்தால் என்ன பலன்? ஒரு நகரத்தில் எத்தனை பேரை வேண்டுமானாலும் அறிஞராக, வணிகராக, கலைஞராக அமர்த்திக்கொள்ளலாம். மற்ற பெரும்பாலான முறைகளில் நூலகம், சந்தை போன்ற கட்டடங்கள் இடம் தருகிற அளவுக்குத்தான் அமர்த்த முடியும். 2007இல் வந்த விரிவாக்கத்தில் பட்டறைகளுக்கு ஒரு உற்பத்திப் புள்ளியும் கூடுதலாகக் கிடைக்கிறது. நம்ம ஆட்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். எழுத்தைத் தொடாதே, கடைத்தெருவுக்கு வராதே என்று தலைமுறை தலைமுறையாகக் கதவை அடைத்த ஒன்று, இங்கே அத்தனை பேரையும் அறிஞராக்கும் திறவுகோலாகிவிட்டது! சாதி என்பது உழைப்பைப் பிரிப்பது மட்டுமன்று, உழைப்பவர்களையே மேல்கீழாகப் பிரித்து அடைப்பது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். சாதியை ஆதரிப்பவர்கள் சொல்லிவந்த 'வேலைப் பகிர்வு' வாதம் எழுபது வருடம் கழித்து ஒரு கணினி விதியாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

உருவாக்கியவர்கள் சாதி ஆதரவாளர்கள் என்று நான் சொல்லவில்லை. விஷயம் அதைவிடச் சிக்கலானது. வியூக விளையாட்டுக்கு ஒரு அறம் உண்டு. அதன் பெயர் சமநிலை. ஒரு தேர்வு எப்போதுமே ஜெயித்துக்கொண்டிருந்தால் ஆட்டம் செத்துவிடும். ஒரு தேர்வை எவருமே தொடவில்லை என்றால் அது இருந்தும் இல்லாததுபோல. ஆகவே ஒவ்வொரு தேர்வுக்கும் ஏதாவது ஒரு லாபம் இருந்தாக வேண்டும். பட்டியலில் சாதியைச் சேர்த்தாகிவிட்டதா, அதற்கும் ஒரு நன்மையை எங்கிருந்தாவது தேடிப் பிடித்தாக வேண்டும். சமநிலை என்ற நியாயமான கோரிக்கைதான் சாதிக்கு இல்லாத நன்மையைத் தயாரித்துத் தருகிறது.

இந்த விளையாட்டின் விதிகளில் பெரும்பகுதி சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து எண்ணை மாற்றலாம். அப்படி ஆடுகிறவர்களே திருத்தி வெளியிடுவதை 'மாட்' என்கிறார்கள். அவர்கள் திருத்த விரும்பும் இடங்களில் ஒன்று அடிமைமுறை. நகரத்தின் மக்கள்தொகையில் ஒரு புள்ளியைப் பலி கொடுத்தால் சாதாரண வேக ஆட்டத்தில் 30 உற்பத்திப் புள்ளி கிடைக்கும். ஆட்டக்காரர்களின் பேச்சில் இதற்குப் பெயரே சாட்டையடி. மிச்சமிருப்பவர்கள் கொடுமையை மறக்க மாட்டோம் என்று கோபப்படுவார்கள். பத்துச் சுற்றில் அந்தக் கோபம் தீர்ந்துவிடும். இது மிகவும் பலமானது, ஆட்டத்தின் ஆரம்பத்தில் வேறு எதையும் தேர்ந்தெடுக்க விடாது என்பது ஆடிப் பழகியவர்களின் புகார். என்ன செய்யலாம்? முப்பதை இருபதாக்கலாம். பத்துச் சுற்றுக் கோபத்தைப் பதினைந்தாக்கலாம். சாதிமுறைக்கு இன்னும் கொஞ்சம் பலன் கூட்டலாம். எல்லாம் நியாயமான திருத்தங்கள்தான். ஆனால் யாருக்கு நியாயம்?

நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி வெட்டும், ஆட்டால் வழியை மறிக்கத்தான் முடியும். காய்கள் சமமில்லை, ஆட்டம் மட்டும் சமம். புலிக்காரன் சுலபமாக ஜெயித்தால் ஆட்டைக் கூட்டினால் போச்சு. இந்தத் திருத்தத்தால் ஆடு வைத்திருப்பவனுக்கு நியாயம் கிடைத்துவிடும். வெட்டுப்படுகிற ஆட்டுக்கு என்ன கிடைத்தது? வெட்டுப்பட இன்னும் சில ஆடுகள் வந்து சேர்ந்தன. சமநிலை என்பது பலகையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். காய்க்கு அதில் கையெழுத்துக் கிடையாது.

மரக்காய்க்கு வலிக்காது என்பது தெரியும். கேள்வி அதைப்பற்றியது இல்லை. அடிபட்டவனின் துன்பம் இந்தக் கணக்குக்குள் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பாருங்கள். ஆள்பவரின் உற்பத்திக்கு இடைஞ்சல் என்ற அளவில்தான் வருகிறது. பத்துச் சுற்றுக்குப் பிறகு அந்த அளவிலும் இல்லை. வெண்மணியில் 1968 டிசம்பரில் கொளுத்தப்பட்ட 44 உயிர்களுக்கு எத்தனை சுற்று? விரிவாக்கத்தில் அடிமைக் கலகமும் உண்டு. அதுவும் வெள்ளம் வருவதுபோல, புயல் அடிப்பதுபோலத் தற்செயல் நிகழ்வாக வந்துபோகும். அடிபட்டவன் யோசித்தான், சங்கம் சேர்ந்தான், நாள் குறித்தான் என்பதற்கு அந்த விதிப் புத்தகத்தில் இடமில்லை.

ஒரு இடத்தில் மட்டும் விளையாட்டு உண்மையை இடறிவிடுகிறது. வேறு நாடுகள் விடுதலை முறைக்கு மாறினால் மாறாத நாட்டு மக்களிடம் அதிருப்தி பெருகும். 1972இல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர் தன் பெயரை அமெரிக்கக் கறுப்பின இயக்கத்திடமிருந்து எடுத்துக்கொண்டது நமக்குத் தெரியும். விடுதலை தொற்றும், அதை விதியாக எழுதியவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஒரு தோழர் கேட்டார்: "சாதிக்குப் பலனே கிடையாதுன்னு மாத்திட்டா அதை எவன் தேர்ந்தெடுப்பான்? அப்புறம் அது எதுக்கு ஆட்டத்துல?" நல்ல கேள்வி. 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அடிமைமுறையும் சாதிமுறையும் இல்லை. சங்கடமான சொல்லை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது நமக்குப் பழக்கமான வழிதான். தெருப் பலகையில் சாதிப் பெயரை அழித்துவிட்டு, தெருவை அப்படியே வைத்திருக்கவில்லையா?

என் பதில் வேறு. நாட்டுக்கு நல்லது என்பதற்காகச் சாதியை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. விதி எழுதும் இடத்தில் இருந்தவர்களுக்கு அது நல்லதாக இருந்தது. நாடு மொத்தமும் அதனால் நட்டப்பட்டது; ஒரு சிலர் லாபப்பட்டார்கள். ஒரு நாட்டுக்கு ஒரே ஆட்டக்காரர் என்று வைத்திருக்கிற விளையாட்டில் இதைச் சொல்லவே முடியாது. ஊரும் சேரியும் அங்கே ஒரே கஜானா, ஒரே கை. எண்ணை எவ்வளவு மாற்றினாலும் இந்தப் பொய் அப்படியே இருக்கும். மாற்றவேண்டியது எண்ணை இல்லை. யார் ஆட்டக்காரர் என்ற விதியை.

எண்ணைக் கூட்டி விதியை மாற்றுவது எப்படி என்று நமக்குச் சரித்திரமே பாடம் நடத்தியிருக்கிறது. 1930இல் லண்டன் வட்டமேசையில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்தார்கள். அதுவரை மற்றவர்கள் எண்ணிக் காட்டிய மக்கள், அன்றைக்கு ஆட்டக்காரர்களாக உட்கார்ந்தார்கள். 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புத் தீர்ப்பு 71 இடங்களும் தனித்தொகுதியும் தந்தது. காந்தி உண்ணாவிரதம் இருந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். 71 இடம் 148 ஆனது. பார்த்தால் இரட்டிப்பு லாபம். ஆனால் முதல்கட்டத்தில் நால்வரை மட்டும் நம் மக்கள் தேர்ந்தெடுக்கலாம். அந்த நால்வரில் எவர் சபைக்குப் போவது என்று முடிவு செய்யும் கை எல்லோருக்கும் பொதுவானதாக, அதாவது பெரும்பான்மையின் கையாக மாறியது. எண் கூடியது, விதி மாறியது. அந்தத் திருத்தத்தின் விலையைத் தனித்தொகுதி இன்றி இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கணினி படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கோப்பைத் திறங்கள். முப்பதை இருபதாக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே நாட்டில் இரண்டு ஆட்டக்காரர்களை உட்காரவையுங்கள். ஒருவர் கையில் கிணறும் நிலமும் சட்டத்தொகுப்பும், மற்றவர் கையில் ஆள்பலம் மட்டும். கோபம் பத்துச் சுற்றில் தீராமல் சேரட்டும். கலகத்தைத் தற்செயலிலிருந்து எடுத்து அந்த இரண்டாமவர் கையில் கொடுங்கள். ஆட்டம் சமநிலை இல்லாமல் போய்விட்டதே என்று யாராவது முறையிடுவார்கள். முறையிடட்டும். அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடினார் என்று மட்டும் கேளுங்கள்.