கங்கையில் குளித்த கணக்கு



பெரியாழ்வார் தம் திருமொழியின் நான்காம் பத்தில், ஏழாம் திருமொழியாகிய பதினொரு பாசுரங்களாலே மங்களாசாஸனம் செய்தருளிய திவ்யதேசம் கண்டமென்னும் கடிநகர். இமயமலையின் அடிவாரத்தில், ரிஷிகேசத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், தேவப்ரயாகை என்று இன்று வழங்குகிறது. பத்ரிநாத்திலிருந்து இறங்கும் அலகநந்தையும் கங்கோத்ரியிலிருந்து இறங்கும் பாகீரதியும் இங்கே கூடிய பின்னரே கங்கை என்னும் திருநாமம்.

இரு நதிகளும் நிறத்தால் வேறுபட்டு, கூடியும் சிறிது தூரம் கூடாதவைபோல் அருகருகே ஓடுகின்றன. சிவபிரான் முடியிலிருந்த கொன்றையும் நாரணன் திருவடித் துழாயும் கலந்து இழிகிற புனல் என்று ஆழ்வார் அருளிச்செய்தது, ஸங்கமத்துப் படியில் நிற்பவர்க்கு வெறும் அலங்காரமாகத் தோன்றாது. நீரின் வேகமோ சொல்லி முடியாது. படியில் கட்டிய இரும்புச் சங்கிலியைப் பற்றிக்கொண்டே நீராட வேண்டியிருந்தது.

ஸந்நிதி ஸங்கமத்துக்கு மேலே குன்றில் உள்ளது. நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். 1803ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்து, பின்பு தௌலத் ராவ் சிந்தியாவால் புதுப்பிக்கப்பட்டது. அவ்வூரார் எம்பெருமானை ரகுநாத்ஜி என்பர். நாம் நீலமேகப் பெருமாள், புருஷோத்தமன் என்கிறோம். 'இது ராமர் கோயிலாயிற்றே, நம் திவ்யதேசந்தானா?' என்று கோஷ்டியில் சிலர் ஐயுற்றனர். ஐயத்துக்கு இடமில்லை. சூர்ப்பணகையின் மூக்கும் ராவணன் தலையும் போன வ்ருத்தாந்தத்தோடே தொடங்கி, அந்தத் தாசரதியையே புருடோத்தமன் என்று முதற்பாசுரத்திலேயே ஆழ்வார் சேர்த்துவிட்டார்.

கோயிலின் பின்புறப் பாறையில் ப்ராஹ்மி எழுத்தில் பழங்காலத்து யாத்ரீகர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. தானம் கொடுத்த செய்தியன்று, வந்து நீராடினவர் பெயர்களே. வந்ததைப் பதிவு செய்துகொள்ளும் ஆசை நம் காலத்துக் கைபேசிப் படங்களோடு பிறந்ததன்று போலும்!

வந்தும் ஏற முடியாதவர் நிலை என்ன? கோஷ்டியில் எண்பது கடந்த ஸ்வாமி ஒருவர். முழங்கால் இடம் தராமையால் தொங்குபாலத்துக்கு இப்பாலேயே அமர்ந்துவிட்டார். 'இவ்வளவு தூரம் வந்தும் அடியேனுக்குப் ப்ராப்தமில்லை' என்று அவர் சொன்னபோது, ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.

மறுமொழி பலச்ருதியில் இருக்கிறது. இத்தமிழ்மாலை தங்கிய நாவுடையார்க்கு, கங்கையில் நீராடித் திருமாலின் திருவடிக்கீழ் இருந்ததாகவே 'கணக்கு' என்று முடிக்கிறார் ஆழ்வார். பேரேடுகளோடே பல்லாண்டு கழித்த நமக்கு அந்தச் சொல்லில் மனம் நின்றது. பணம் வந்து சேராமல் வரவு வைப்பது வங்கிகளில் பொதுவாக நடவாது. இங்கே நாவில் பாசுரம் இருந்தால் நீராட்டமே வரவாகிறது. இது வெறும் புகழ்ச்சி என்று தள்ளலாகாது. கங்கைக்கு ஏற்றம் அவன் திருவடி ஸம்பந்தத்தாலே. அத்திருவடியைப் பாடிய பாசுரத்துக்கும் அதே ஸம்பந்தம் உண்டாகையால், பலம் ஒன்றாவதில் குறையில்லை.

'அப்படியாகில் அகத்திலிருந்தே ஸேவித்திருக்கலாமே, ஏன் வந்தோம்?' என்று உடன் வந்த இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பலத்துக்காக வந்தோமாகில் வந்தது மிகையே. எம்பெருமான் உகந்து எழுந்தருளியிருக்கும் இடத்தைக் கண்ணாலே காண்பது ஸாதனமன்று, அதுவே ப்ரயோஜனம். பசிக்கு மருந்தாக உண்பாரும் ருசிக்காக உண்பாரும் ஒரே இலையில் அமரக்கூடும். ஆனால் இந்த ஸமாதானம் படியேறி வந்த நமக்கு எளிது. அந்த ருசி பெரிதாயிருந்தும் காணப் பெறாதே கீழே இருந்தவருடைய ஆற்றாமையை இது முழுதும் தீர்க்காது. ஆழ்வார்களும் அந்த ஆற்றாமையோடே பாடினவர்கள்தாமே.

இறங்கி வந்து துளஸி ப்ரஸாதத்தை அவர் கையில் ஸமர்ப்பித்து, எல்லோருமாக அவரைச் சூழ அமர்ந்து அத்திருமொழியை மறுபடி ஸேவித்தோம். பத்தாம் பாசுரம் வரையில் கோஷ்டியோடு சொன்னவர், பதினோராம் பாசுரத்தைத் தனியே சொல்ல விண்ணப்பித்தார். இருமுறை சொன்னார்.