கவாத்தும் கருணையும்

அருளென்பது துன்பந் துடைப்பதென்றே பலருங் கருதுவர். துன்பஞ் செய்வதும் ஒரோவழி அருளேயாமென நம் ஆசிரியன்மார் கூறுவர். முன்னதை அறக்கருணை யென்றும், பின்னதை மறக்கருணை யென்றும் வழங்குப. இவற்றுள் மறக்கருணை யென்னுஞ் சொல் எடுத்தாளுதற்கு எளியது; அளவறிந்து ஆளுதற்கு மிக அரியது. சினத்தாற் செய்ததனைக் கருணையாற் செய்தேமென்று பிறரையுந் தம்மையும் ஏமாற்றிக்கொள்வார்க்கு அச்சொல் நல்லதொரு போர்வையாகிவிடுகின்றது. ஆதலின், துன்புறுத்துஞ் செயல் யாண்டுக் கருணையாம், யாண்டுக் கொடுமையாம் என வரையறுத்தறிதல் வேண்டும். இவ்வரையறையை எனக்கு விளங்கவைத்தது என் மனைப்புறத்து நிற்கும் ஒரு செம்பரத்தைச் செடி.

செம்பரத்தை, பருத்தியும் வெண்டையும் துத்தியும் பூவரசும் அடங்கிய குடும்பத்தைச் சார்ந்தது. அதன் பூ காலையில் விரிந்து பெரும்பாலும் அன்று மாலையிலேயே வாடுவது. ஆகவே, நாடோறும் பூசைக்குப் பூ வேண்டுவார்க்கு நாடோறும் புதிய அரும்பு வேண்டும். அரும்போ புதிதாய்த் துளிர்த்த கிளைகளின் இலைக்கக்கங்களிலே தோன்றுவது. வெட்டாது விட்ட செடி நெடிதோங்கி, அடியில் இலையுதிர்ந்து வெறுங்கழியாகி, கையெட்டா உச்சியிற் சில பூக்களைத் தாங்கி நிற்கும். அதுபற்றியே தோட்டக்காரர் அதனைக் காலமறிந்து வெட்டுவர். அவ்வெட்டினைக் கவாத்து என்ப.

வெட்டுண்ட செடி தழைப்பது எங்ஙனம்? கிளையின் நுனிமொட்டினின்று ஆக்சின் என்னும் ஒரு பொருள் கீழ்நோக்கி இறங்குகின்றது. அஃது உள்ளதுணையும் பக்கமொட்டுக்கள் தலையெடா. 1933-ஆம் ஆண்டில் திமான், ஸ்கூக் என்னும் அறிஞர் இருவர் அவரையினத்துச் செடியொன்றில் இதனை ஆய்ந்து காட்டினர். நுனியைக் கொய்தவழிப் பக்கமொட்டுக்கள் வளர்ந்தன. கொய்த இடத்தில் ஆக்சினை இட்டவழி அவை மீண்டும் அடங்கின. ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் வேறொரு பொருளுங் கிளைத்தலைத் தடுப்பதென 2008-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இவற்றால் விளங்குவது யாதெனின், ஒரு முனையின் முனைப்பு அடங்கியவிடத்தே பல மொட்டுக்கள் வாழ்வு பெறுகின்றன என்பதாம். அம்மொட்டுக்களைக் கத்தி படைத்ததன்று. அவை முன்னரே ஆண்டு உறங்கிக் கிடந்தன. உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்னுஞ் சற்காரியவாதத்திற்கு இஃது ஓர் எளிய சான்று. செடி முதற்காரணம், கத்தி துணைக்காரணம், தோட்டக்காரன் நிமித்தகாரணம். துணைக்காரணமாகிய கத்தி, பூவெல்லாம் என்னால் வந்தன என்று செருக்குமாயின் அது நகைப்பிற்கே இடனாகும்.

இனிப் பருவத்தை நோக்குவாம். நம் நாட்டிற் செம்பரத்தையை ஆழ வெட்டுதற்குரிய காலம், வடகிழக்குப் பருவமழையும் முன்பனியின் குளிருங் கழிந்து வெயில் மெல்ல ஏறும் பின்பனிக் காலமாகும். மாசியில் வெட்டிய செடி பங்குனியில் துளிர்க்கும். அப்பொழுதும் மூன்றிலொரு பங்கிற்கு மேல் வெட்டலாகாது. முதலிற் பட்ட கிளையையும், நோயுற்ற கிளையையும், ஒன்றோடொன்று உராயுங் கிளையையும் களைந்து, பின்னர் வெளிநோக்கிய ஒரு மொட்டிற்குச் சற்று மேலே, நீர் வழிந்தோடுமாறு சாய்வாக வெட்டுதல் வேண்டும். கடுவெயிற் காலத்தில் ஆழ வெட்டின், நிழலில் இருந்து பழகிய தண்டு வெயிலிற்பட்டுத் தீயும். ஆடி ஆவணியில் நுனிகளை மட்டும் கிள்ளிவிடுதல் அமையும். ஐப்பசி கார்த்திகையாகிய கூதிர்க்காலத்திற் கத்தியைத் தொடாதிருத்தலே நன்று. வெட்டுவாயில் மழைநீர் தங்கி அழுகல் உள்ளிறங்கும். கத்தி ஒன்றே, கை ஒன்றே, செடியும் ஒன்றே; பருவம் பிறழ்ந்தவழி, உயிர் தரும் வெட்டு உயிர் கொள்ளும் வெட்டாகின்றது.

இதனை யான் கேட்டறிந்தேனல்லேன், பட்டறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசித் திங்களில், கிளைகள் வாயிலை மறைத்தன என்று வெறுப்புற்று, அச்செடியை அடிவரை வெட்டினேன். செடியின் நலங் கருதியே வெட்டினேன் என்று வீட்டார்க்குஞ் சொன்னேன். அடுத்த கிழமை பெய்த பெருமழையில் தண்டுகள் கறுத்தன. செடியிற் பாதி பட்டுப்போயிற்று. அவ்வாண்டிலேயே, என் இல்லத்திலிருந்து கல்வி பயின்ற என் தமக்கையின் மைந்தன் தேர்வில் தவறினான். அவன் உள்ளம் நைந்திருந்த அந்நாளிலேயே, அவன் சோம்பலை எல்லார் முன்னும் எடுத்துக்கூறிக் கடிந்தேன். கூறியவை பொய்யல்ல, கூறிய பருவமே பிழை. அவன் மறுமொழி யாதுங் கூறாது தன் ஊர்க்குச் சென்றான். அதன்பின் ஈராண்டு என்னோடு பேசிற்றிலன். அப்பொழுதும் யான், 'அவன் நன்மைக்கே சொன்னேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். செடிக்குச் சொன்ன அதே சொல்!

இறைவனும் நோயுந் துன்பமுந் தந்தன்றோ உயிர்களைத் திருத்துகின்றான், தந்தை தாயர் மக்களை ஒறுத்தலும் பரிவின்பாற்பட்டதென்று அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் உவமை காட்டவில்லையோ எனின், காட்டினார், உண்மையே. ஆயின் அவ்வுவமை, இறைவன் முனிவைப் பரிவென்று நாம் உணர்தற்பொருட்டுக் கூறப்பட்டது. நம் முனிவையெல்லாம் இறைவன் செயலென்று உயர்த்துதற்பொருட்டன்று. திருநாவுக்கரசருக்கு வந்த சூலைநோய் அவரைத் திருவதிகைக்குத் திருப்பிய கருணையாயிற்று. அந்நோயைத் தந்தான் அவர் பக்குவத்தை அறிந்தவன், தீர்த்தானும் அவனே. அவர் வந்தடைதற்குத் தமக்கையார் திலகவதியாரை முன்னரே ஆங்கு நிறுத்தியதும் அவன் அருளே. நாமோ பிறிதோர் உயிரின் பரிபாகத்தை அறியேம். நோயைத் தருதற்கு விரையும் நாம் மருந்தோடு காத்திருத்தற்கு விரைதல் உண்டோ?

மற்றும் ஒரு தடை: செடியும் ஓரறிவுயிரன்றோ; பூவின்பொருட்டு அதனை வெட்டுவது நுமது நலமேயன்றி அதன் நலமாமாறு யாங்ஙனம் எனின், அஃது ஒக்கும். கவாத்து ஒருபுடையுவமையே. பயன் கொள்வார் நாமாதலின் நம் வெட்டு முழுக்கருணை ஆகாது. ஏதொன்றும் வேண்டாதவன் செய்யும் ஒறுத்தலே முழுக்கருணையாம். அதனாலேதான் மக்கள் செய்யும் ஒறுத்தல் எஞ்ஞான்றும் ஐயத்தோடு ஆராயப்படல் வேண்டும் என்கின்றேம்.

அங்ஙனமாயின் ஆசிரியரும் பெற்றோரும் திருத்துதலை அறவே ஒழிதல் வேண்டுமோ எனின், வேண்டா. வெட்டாத செடியும் கெடும். கத்தி எடுக்குமுன் தம்மைத் தாமே நான்கு வினவுதல் வேண்டும். இதன் பயன் அவ்வுயிர்க்கோ, என் சினம் ஆறுதற்கோ? இது பருவமோ? மூன்றிலொரு பங்கில் அமைகின்றேனோ, அடிவரை செல்கின்றேனோ? வெட்டிய பின்னர் நீர் வார்த்து, எருவிட்டு, துளிர்க்குந்துணையும் உடனிருப்பேனோ? இவற்றுள் இறுதியதே தலையாயது. கடிந்துவிட்டு அகல்வான் தோட்டக்காரன் ஆகான், வழிப்போக்கனே ஆவான். இந்நான்கிற்கும் தன் நெஞ்சம் நேரிதின் விடை கூறாதவழி, கத்தியைத் தன் முனைப்பின்மேல் திருப்புதலே ஒருவற்குக் கடன். ஆண்டுப் பருவம் பார்த்தல் வேண்டா. அதற்கு எல்லாப் பருவமும் மாசியே.

பட்டதுபோக எஞ்சிய செடியை இரண்டாண்டு கத்தி தீண்டாது பேணினேன். சென்ற மாசியில், அளவறிந்து வெட்டினேன். பங்குனியில் தண்டின் அடியிலிருந்தே செந்தளிர்கள் கிளர்ந்தன. அவற்றைக் கண்ட அன்று மருகனுக்கு ஒரு திருமுகம் எழுதினேன். அதில் அறிவுரை ஒன்றும் எழுதிற்றிலேன். பிழை என்னுடையது என்பதும், செடி பூத்திருக்கின்றது, வந்து காண்க என்பதுமே எழுதினேன். சித்திரையில் அவன் வந்தான். விடியற்காலையில் எழுந்து, அச்செடியிற் பூக்கொய்து, பூசைக்குத் தந்தான்.