கருணையா, கடனா?

சித்திரை முதல் நாளில் காஞ்சிபுரத்தின் தெருக்கள் நிறைந்துவிடும். ஏகாம்பரநாதர் கோவிலுக்கும் வரதராசப் பெருமாள் கோவிலுக்கும் செல்வோர் ஒருபுறம்; காந்தி சாலைப் பட்டுக் கடைகளை நோக்கிச் செல்வோர் மறுபுறம். பெரும்பாலும் அதே ஏப்ரல் 14ஆம் நாளில்தான் நாடெங்கும் உள்ள தீயணைப்பு நிலையங்களில், பணியின்போது உயிர் நீத்தவர்களுக்கு மலர்வளையம் வைக்கப்படுகிறது. 1944இல் அந்நாளில் மும்பைத் துறைமுகத்தில், பருத்திப் பொதிகளோடு வெடிமருந்தையும் ஏற்றி வந்திருந்த 'ஃபோர்ட் ஸ்டைக்கீன்' என்னும் கப்பலில் தீப்பற்றிற்று. வீரர்கள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோதே கப்பல் வெடித்துச் சிதறியது. மாண்ட நூற்றுக்கணக்கானோருள் 66 பேர் தீயணைப்புப் படையினர்.

இந்நாளைத் தமிழகத்தில் 'தீத்தொண்டு நாள்' என்கிறோம். தொண்டு என்பது நம் திருச்சபைக்கும் உரிய சொல். கூலிக்காகச் செய்யும் வேலையைத் தாண்டிய ஒன்றை அது குறிக்கிறது. ஆனால் அத்தொண்டில் ஒருவர் மடிந்தபின் அவர் குடும்பத்திற்கு அரசு தரும் வேலைக்கு என்ன பெயர்? 'கருணை அடிப்படையிலான பணி நியமனம்'. அவர் கொடுத்தது தொண்டு. அவர் பிள்ளை பெறுவது கருணை. இவ்விரு சொற்களுக்கும் நடுவே இருக்கவேண்டிய நீதி என்னும் சொல்லைக் காணவில்லையே என்பதுதான் நம் உள்ளத்தை உறுத்துகிறது.

2020 நவம்பர் 14, தீபாவளி நாள். விடியுமுன் மதுரை விளக்குத்தூண் அருகே பழைய கட்டடம் ஒன்றில் இருந்த துணிக்கடையில் தீ மூண்டது. அணைக்கச் சென்றவர்கள்மேல் கட்டடம் இடிந்து விழுந்ததில் வீரர்கள் இருவர் மாண்டனர். மேலும் இருவர் காயமுற்றனர். அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி இரு குடும்பங்களுக்கும் தலா 25 இலட்சம் ரூபாயும், குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தார். அந்த விரைவைக் குறை கூற நமக்கு மனமில்லை. காஞ்சியில் வாழ்வோர்க்கு அது தொலைவில் நடந்த செய்தியுமன்று. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளும், வீட்டுக்குள்ளேயே குழித்தறிகளும், வண்டி நுழையத் திணறும் சந்துகளும் பிள்ளையார்பாளையத்திலும் உண்டு. தூய பட்டு எளிதில் கொழுந்துவிட்டு எரியாது. முடி கருகுவதுபோல் கருகும். ஆனால் அதைச் சுற்றியுள்ள உத்தரமும் அட்டைப்பெட்டியும் நெகிழி உறையும் அப்படியல்லவே! உள்ளே எவரும் இல்லை என்று உறுதியாய்ச் சொல்லவும் அந்நேரத்தில் எவராலும் முடியாது. ஆகவே அவர் உள்ளே போகிறார்.

எனினும் அந்த 25 இலட்சம் ஓர் அறிவிப்பு. ஊரே விழித்திருந்த பண்டிகை நாளில், எல்லாச் செய்தித்தாள்களிலும் படம் வந்த இறப்புக்கு அறிவிப்பு விரைந்து வருகிறது. எங்கோ ஒரு சிற்றூரில், நச்சுக்காற்று நிறைந்த பாழ்கிணற்றுக்குள் யாரையோ மீட்க இறங்கி ஒரு வீரர் இறந்தால்? அன்றைக்கு வேறொரு பெரிய செய்தி இருந்தால்? கருணைக்குக் கண் உண்டு. அது கண்டதற்கு இரங்கும். கடனுக்கு அப்படியில்லை, எவர் பார்த்தாலும் பாராவிட்டாலும் அது கடனே.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழும். 2023 மார்ச் 22இல் காஞ்சிபுரத்தை அடுத்த குருவிமலையில் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் பலர் கருகி மாண்டனர். அவர்கள் குடும்பங்களுக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தது தலா 3 இலட்சம். அணைக்கப் போனவர் உயிர் 25, அகப்பட்டவர் உயிர் 3 என்றா கணக்கு? கடவுளின் சாயல் ஒருவரில் எட்டு மடங்கு மிகுதியோ?

அமெரிக்காவிலும் இக்கேள்வி எழுந்தது. 2001 செப்டம்பர் 11இல் நியூயார்க்கில் மாண்டவர்களுள் 343 பேர் தீயணைப்புத் துறையினர். அவர்களுடைய ஆன்ம குருவான பிரான்சிஸ்கன் துறவி மைக்கேல் ஜட்ஜும் அவர்களோடு இறந்தார். இழப்பீட்டு நிதியைப் பகிர்ந்தளித்த கென்னத் ஃபைன்பெர்க் என்னும் வழக்கறிஞர், சட்டத்தின்படி ஒவ்வொருவரும் ஈட்டியிருக்கக்கூடிய வருமானத்தைக் கணக்கிட்டார். பங்குச்சந்தை அலுவலரின் குடும்பத்திற்கு ஒரு தொகை, தீயணைப்பு வீரரின் குடும்பத்திற்கு வேறொரு தொகை. பின்னாளில் அவரே, எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பதுதான் நல்லது என்ற முடிவுக்கு வந்தார்.

அவர் வந்த முடிவு மாண்டவரின் மதிப்பைப் பற்றியது. நாம் கேட்கவேண்டியது கடன்பட்டவர் யார் என்பது. தீயணைப்பு வீரரை 101 என்ற எண்ணில் அழைத்தவர் நாம். மறுக்க இயலாத கட்டளையிட்டு அனுப்பியது நம் அரசு. ஆகவே முதற் கடனாளி பொதுமக்களாகிய நாமே. ஆலைத் தொழிலாளிக்கோ முதற் கடனாளி அவரை வேலைக்கு வைத்த உரிமையாளர். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே அப்படித்தான் சொன்னது. அந்த 3 இலட்சம் முதலுதவி மட்டுமே. அதோடு கணக்கு முடிந்தது என்று உரிமையாளர் நழுவுவதும் நாம் வாளாவிருப்பதும்தான் அநீதி. இரு தொகையும் உயிரின் விலையல்ல. விலை என்று எண்ணத் தொடங்கினால் இரண்டுமே இழிவானவை.

கடன் என்றால் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவேண்டும். பணியில் இறக்கும் காவலர், தீயணைப்பு வீரர் ஆகியோரின் குடும்பங்களுக்கு இன்ன தொகை என்று அமெரிக்கா 1976இலேயே சட்டம் இயற்றிவிட்டது. ஊதியமின்றிப் பணிபுரியும் தன்னார்வ வீரர்களும் அதில் அடக்கம். நம் மாநிலத்தின் கருணை நியமனமோ இறந்த எல்லா அரசு ஊழியர்க்கும் பொதுவானது. மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும்; குடும்பம் வறிய நிலையில் உள்ளது என்று வட்டாட்சியரின் சான்றும் வேண்டும். அத்தகைய நியமனம் உரிமையன்று, திடீர்த் துயரைப் போக்கும் விதிவிலக்கே என்று உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. வேலைக்குக் காத்திருக்கும் மற்ற இளைஞர்களையும் எண்ணிப் பார்த்தால் அத்தீர்ப்பில் நியாயம் உண்டு. ஆயினும் நோயால் இறந்த எழுத்தரின் குடும்பமும், ஏவப்பட்டுத் தீக்குள் சென்று மாண்டவரின் குடும்பமும் ஒரே வாயிலில் நின்று வறுமையை மெய்ப்பிக்கவேண்டும் என்பதை நம் மனம் ஏற்க மறுக்கிறது. கடன் கொடுத்தவர் ஏழையா செல்வரா என்று கடனாளி கேட்பதுண்டோ?

அன்பைத் தாழ்த்தி நீதியை உயர்த்துகிறோம் என்று எவரும் கருதவேண்டாம். பிறருக்கு உரியதைக் கொடுக்காமல் நமக்குரியதை அவருக்கு அன்பளிப்பாகத் தர இயலாது என்பதைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் தம் சுற்றுமடலில் தெளிவாக விளக்கியுள்ளார். அன்பின் வேலை நீதிக்குப் பின்னும் நிறையவே இருக்கிறது. கோர்வைப் பட்டு நெய்யும் வீட்டாரைக் கேளுங்கள்: உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் அச்சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும், கரையோர நாடாவை வீச இரண்டாம் ஆள் வேண்டும். அந்த ஆள் போய்விட்டால், வங்கியில் எவ்வளவு பணம் இருந்தாலும் அன்று தறி நின்றுவிடும். தீயணைப்பு வீரரின் வீட்டிலும் தொகை வந்த மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது யார், உறவினர் கேட்கும் கடனுக்கு மறுமொழி சொல்வது யார் என்பன அப்படியே நிற்கும்.

தொடக்கத் திருச்சபையில் எழுந்த முதல் நிர்வாகச் சிக்கலே கைம்பெண்களைப் பற்றியது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப்போயினர் என்று திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். திருத்தூதர்கள் இரக்க உரை ஆற்றவில்லை. பொறுப்புக்கென ஏழு பேரை நியமித்தனர். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! யார் விடுபட்டனரோ அவர்கள் தரப்பினர் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. பணியில் மாண்ட வீரர்களின் குடும்ப நலனைக் கவனிக்க மாவட்டந்தோறும் ஒரு சிறு குழு அமைந்து, அதே வாயிலில் முன்பு காத்து நின்ற ஒரு வீரரின் மனைவி அதில் அமர்ந்தால், வறுமைச் சான்று கேட்கும் அந்தப் படிவத்தை அவர்தாம் முதலில் திருத்துவார்.