ஐந்து மணிக்கு வந்தவனின் கூலி

திராட்சைத் தோட்ட உவமையை எங்கள் மகிமை மாதா கோயிலில் எத்தனை ஞாயிறு கேட்டிருப்பேன்! விடியலில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. சின்ன வயதில் நான் முதலில் வந்தவன் கட்சி. வெயிலில் வெந்தவன் அவன்தானே?

பழவேற்காட்டில் அந்த வழக்கு வருஷா வருஷம் ஏப்ரல் 15-ல் தொடங்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு அரசு தரும் நிவாரணம் 5,000-லிருந்து 8,000 ரூபாயானபோது, "உக்காந்து தின்னா கை மரத்துப்போவும்மா" என்றார் பெரியப்பா, வலையைப் பொத்திக்கொண்டே. பணம் வாங்கக் கையெழுத்துப் போட்டதும் அதே கைதான். நான் சொல்லவில்லை.

ஏரியில் இறாலுக்குச் சுத்துவலை கட்ட எங்களிடம் பாடு முறை உண்டு. சீட்டு விழுந்தவர் போவார், மற்றவர் கரையில் நிற்பார். நிற்கிறவரை ஊர் சோம்பேறி என்பதில்லை, முறை வரவில்லை என்று சொல்லும். உவமையில் சந்தையில் நின்றவர்களும் அதைத்தானே சொன்னார்கள், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்று?

எனக்கு முறை வந்தது பள்ளிக்கூட உப்புமாவால். முன்பெல்லாம் பிள்ளைக்குப் பொங்கிப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினால் ஏலம் முடிந்திருக்கும், மிஞ்சிய பொடிமீன்தான். காலை உணவு வந்த பிறகு, பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு இருட்டோடு போகிறேன். மடவையின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறேன். சிவப்பு வெளுத்திருந்தால் கேட்பதில்லை. மீன் விற்கப் பொன்னேரிக்குப் போகும் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். மாதா மாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் ஐஸுக்கும் ஏல முதலுக்கும் போகிறது. வருஷ வருமானம் இரண்டரை லட்சம் தாண்டினால் அது நின்றுவிடுமாம். அந்தக் கவலை எனக்கு வரட்டும், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

வேலைக்குப் போனால்தான் தருவோம் என்று யாரும் சொல்லவில்லை. தந்தார்கள், போகிறேன். உவமையில் தோட்டத்துச் சொந்தக்காரரும் கடைசி ஆளின் உழைப்பை அளக்கவில்லை, அவன் வீட்டு அடுப்பை நினைத்திருப்பார்.

ஆனால் என் நியாயத்திலும் ஓட்டை உண்டு. சேற்றில் உட்கார்ந்து கையால் இறால் தடவும் இருளர் பெண்களுக்கு எங்கள் பாடு முறையில் சீட்டே கிடையாது. அவர்களை ஐந்து மணிக்குக்கூட நாங்கள் கூப்பிட்டதில்லை. பெரியப்பாவிடம் இதைக் கேட்கப் போனேன். அன்றைக்கு அவருக்குப் பாடு. படகில் கழிகளை ஏற்றிக்கொண்டிருந்தார், "அப்புறம் பேசலாம்மா" என்றார்.