கூலியிலும் உண்டு தராசு

  

அல்லாஹு தஆலாவைப் புகழ்ந்து, உயிரினும் மேலான நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி இந்தச் சில வார்த்தைகளை எழுதத் துணிகிறேன். நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி, கடையில் உட்கார்ந்தவன். ஆகையால் எனக்குப் பழக்கமான தராசைக் கொண்டே பேசுகிறேன்.

அளவில் மோசம் செய்வோரைக் குறித்துத் திருமறையில் தனியாக ஓர் அத்தியாயமே உண்டு. அது 83-வது ஸூராவாகிய முதஃப்பிஃபீன். வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடு என்று அது எச்சரிக்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமே இந்த எச்சரிக்கை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கூலி கொடுப்பவர் கையிலும் ஒரு தராசு இருக்கிறது. உழைப்பை நிறைத்து வாங்கி, கூலியைக் குறைத்துக் கொடுத்தால் அதற்கும் இதே பெயர்தான்.

இன்று தோட்டப் பராமரிப்புத் தொழிலை எடுத்துக்கொள்வோம். நம்மவரில் சிலர் இத்தொழிலை நடத்துகிறார்கள். வேறு பலர் வீட்டுப் புல்லையும், பள்ளிவாசல் வளாகத்து மரங்களையும் வெட்டிச் சீர்செய்ய ஒப்பந்தக்காரரை வைத்திருக்கிறார்கள். இத்தொழிலில் அநியாயம் நுழைவது எளிது. ஆட்களை விடியுமுன் லோரியில் ஏற்றி, இன்று ஓரிடம் நாளை ஓரிடம் என்று இறக்கிவிடுகிறார்கள். எத்தனை மணி நேரம் உழைத்தான் என்று குறித்துவைப்பார் இல்லை. புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டி வெயிலில் நிற்பவனின் பெயரைக்கூட வீட்டுக்காரர் கேட்பதில்லை.

அவன் வங்காளதேசத்திலிருந்தோ, இந்தோனேசியாவிலிருந்தோ, நம் தாய்நாட்டுக் கிராமத்திலிருந்தோ வட்டிக்குக் கடன் வாங்கி, ஏஜெண்டுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு வருகிறான். வந்திறங்கியதும் அவன் பாஸ்போர்ட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்ற பேரில், முதலாளியின் பெட்டிக்குள் போகிறது. லெவி என்றும் தங்குமிடம் என்றும் சம்பளத்தில் பிடித்தம் விழுகிறது. ஓடிவிடக்கூடாதென்று இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைப்போரும் உண்டு. பெர்மிட் ஒரே முதலாளியின் பேரில் இருப்பதால் வேறிடம் போகவும் வழியில்லை. வாய் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டல் வேறு. காலில் விலங்கு இல்லாவிட்டாலும் இது அடிமைத்தனமே. கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள் உலகில் 2 கோடியே 76 இலட்சம் பேர் என்று 2021-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து அனைத்துலகத் தொழில் நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

தமிழ் பேசும் நமக்கு இது புதிய கதையா? மலாயாவின் தோட்டங்களுக்கு நம் இனத்தார் ஒப்பந்தக் கூலிகளாக வந்தபோது கப்பல் செலவையும் முன்பணத்தையும் கடனாகச் சுமந்து வந்தார்கள். அந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னும் கங்காணி முறை 1938 வரை நடந்தது. அந்தத் துன்பத்தைக் கேட்டு வளர்ந்த நாம், இன்னொரு தாயின் பிள்ளைக்கு அதையே செய்யலாமா?

மூவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹு தஆலாவே வழக்காடுவான் என்று நாயகம் அவர்கள் அறிவித்த செய்தி புகாரி ஷரீபில் இருக்கிறது. இறைவன் பெயரால் வாக்களித்து மோசம் செய்தவன் ஒருவன். சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் காசைத் தின்றவன் இரண்டாமவன். ஆளை அமர்த்தி வேலையை முழுதும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவன் மூன்றாமவன். கூலி மறுத்தவன், மனிதனை விற்றவனோடு ஒரே வரிசையில் நிற்கிறான்! பொய் வாக்குக் கொடுக்கும் ஏஜெண்டு, ஆள் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் தரகர், சம்பளத்தை அமுக்கும் முதலாளி ஆகிய மூவரும் ஒரே தொழிலாளியின் வாழ்க்கையில் சந்திக்கிறார்கள்.

“அவனே சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டான்?” என்று சிலர் கேட்பார்கள். ஸூரத்துல் கஸஸில் நபி மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அந்நிய பூமியாகிய மத்யனுக்கு உறவும் காசும் இன்றித் தப்பி வந்தவர்கள் அவர்கள். எந்த நிபந்தனை போட்டாலும் சம்மதிக்கக்கூடிய நிலை. ஆயினும் அந்த ஊர்ப் பெரியவர் தம் மகளை மணமுடித்துத் தருவதாகக் கூறி, எட்டு வருட வேலை என்று காலத்தை வரையறுத்தார். பத்தாக்குவது உம் விருப்பம் என்றார். உம்மைச் சிரமப்படுத்த நாடவில்லை என்றும் சொன்னார். வலுவுள்ளவர் தாமாகவே வரம்பு கட்டிக்கொண்டார். அதுவே நேர்மையான ஒப்பந்தம். பசியிலும் கடனிலும் போட்ட கையெழுத்தைக் காட்டி மஹ்ஷரில் தப்பமுடியாது.

“குறைந்த விலை சொல்லாவிட்டால் வேலை கிடைக்காதே” என்பது இன்னொரு வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மூன்று பேர் முழு மாதம் உழைக்கவேண்டிய இடத்துக்குச் சம்பளமே 5,100 ரிங்கிட் ஆகிறது. லோரியும் பெட்ரோலும் சேர்த்து 4,500-க்கு ஒருவர் செய்து தருகிறேன் என்றால், குறைகிற பணம் யார் வயிற்றிலிருந்து வருகிறது? அந்த விலையைக் கண்டு மகிழும் நாமும் அந்தப் பாவத்தில் பங்காளிகள் அல்லவா?

சட்டமும் மார்க்கத்தின் பக்கமே நிற்கிறது. பிறர் பாஸ்போர்ட்டை அனுமதியின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வரவேண்டும். 2018 முதல் லெவி முதலாளியின் பொறுப்பு. 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை. மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. அதே ஆண்டு நடப்புக்கு வந்த திருத்தப்படி, கட்டாய உழைப்புக்கு 1 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமும், இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. வீட்டுக்காரர் நேராக வைத்துக்கொள்ளும் தோட்டக்காரர் மட்டும் வீட்டு வேலையாளாகக் கருதப்பட்டு, குறைந்தபட்சச் சம்பள விதியில் சேரார். சட்டம் அவரை விட்டுவிட்டாலும் மறுமைத் தராசு விட்டுவிடாது.

முதலாளிமார்களே! பாஸ்போர்ட்டை இன்றே திருப்பிக் கொடுங்கள். வேலை நேரத்தை ஆளுக்கு ஆள் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் விளக்குங்கள். ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று அவனிடமே கேளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! ஒப்பந்தம் கொடுக்குமுன் சம்பளப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். புல்வெட்ட வருபவரின் பெயரைக் கேளுங்கள். சம்பளம் வந்ததா என்று தனியே விசாரியுங்கள். தவறு தெரிந்தால் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க அவருக்குத் துணை நில்லுங்கள். ஐந்து வேளையும் நாம் ஸுஜூது செய்யும் இடத்தின் வாசற்புல், கூலி கிடைக்காதவன் வெட்டியதாக இருக்கலாகாது.

உழைப்பவன் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கும் கூட்டத்தில் வல்ல நாயன் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.